ஒன்றரை நிமிடக் கடிகாரம்: அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் காயமும் உடல்நிலை விதிகளும், புதிய பெற்றோருக்கு

பள்ளியின் மல்யுத்த அணியில் சேர்ந்துவிட்டேன் என்று பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும்போது, அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலரின் மனத்தில் எழும் காட்சி, தொலைக்காட்சியில் நாற்காலியைத் தூக்கி எதிராளியின் முதுகில் அடிக்கும் பொழுதுபோக்கு மல்யுத்தம்தான். பள்ளியில் நடப்பது அதுவன்று. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தமும் அன்று. ஃபோக்ஸ்டைல் எனப்படும் இந்த முறை அமெரிக்காவுக்கே உரியது. இரண்டிரண்டு நிமிடங்களாக மூன்று சுற்றுகள், எதிராளியைக் கட்டுக்குள் வைத்திருப்பதற்கு முதன்மை, தடித்த விதிநூல் ஒன்று என்பவை இதன் அடையாளங்கள். அந்த விதிநூலை இண்டியானாபோலிஸில் இயங்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வெளியிடுகிறது. மாநிலச் சங்கங்கள் அதைத் தழுவி, ஆங்காங்கே தங்கள் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே கீழே சொல்லப்படும் எண்களைத் தேசிய விதியின் எண்களாகக் கொண்டு, உங்கள் மாநிலத்தில் ஏதேனும் மாற்றம் உண்டா என்பதை அணியின் பயிற்சியாளரிடம் சீசன் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் போட்டியில் பெற்றோரைத் திகைக்க வைப்பது புள்ளிக் கணக்கைவிட ஆட்டம் நிறுத்தப்படும் தருணமே. பிள்ளை விரிப்பில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, நடுவர் புள்ளியும் நேரமும் குறிக்கும் மேசையை நோக்கி ஏதோ சைகை காட்டுகிறார், எங்கோ ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, சிறிது நேரத்தில் எழுந்து நின்ற பிள்ளையின் கையை விட்டுவிட்டு எதிராளியின் கையை நடுவர் உயர்த்துகிறார். என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் ஒரு செய்தி தெரிந்திருந்தால் போதும். ஆட்டம் நிற்பதற்கு ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தனிக் கடிகாரம் உண்டு, எது ஓடுகிறது என்பதைக் காயத்தின் காரணம் முடிவு செய்கிறது. அதற்கு வருமுன், விரிப்புக்கு வெளியே பெற்றோர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உண்மையில் பெற்றோரின் வேலையில் பெரும்பகுதி அதுதான்.

சீசனுக்கு முன்: உடற்பரிசோதனைப் படிவம்

விளையாட்டில் சேரும் மாணவர் மருத்துவரிடம் உடற்பரிசோதனை செய்துகொண்டு படிவத்தில் கையொப்பம் பெற்று வர வேண்டும். அந்தப் படிவத்தின் முதல் பகுதியைப் பெற்றோரும் பிள்ளையும் நிரப்ப வேண்டும். விளையாடும்போது மயக்கம் வந்ததுண்டா, நெஞ்சில் வலியோ படபடப்போ உண்டா, குடும்பத்தில் யாரேனும் 35 வயதுக்கு முன் இதய நோயாலோ காரணம் தெரியாமலோ திடீரென இறந்திருக்கிறார்களா, ஒரு சிறுநீரகமோ ஒரு கண்ணோ இல்லாமல் இருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கும். நம் வீடுகளில் நோயை வெளியே சொல்லாமல் மறைக்கும் பழக்கம் உண்டு. சித்தப்பா முப்பது வயதில் இறந்ததை ‘திடீர்னு போய்ட்டார்’ என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவோம். இந்தப் படிவத்தில் அந்த மௌனம் கூடாது, ஏனெனில் இதயத் தசைத் தடிப்பு போன்ற பரம்பரைக் கோளாறுகளைத் தேடுவதற்காகவே அந்தக் கேள்வி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு ஆகியவை இருப்பதாலேயே பிள்ளையை அணியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்தால் அத்தகைய பிள்ளைகளும் மல்யுத்தம் செய்கிறார்கள். ஆனால் இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது, சர்க்கரை இறங்கினால் என்ன கொடுக்க வேண்டும் என்பவை பயிற்சியாளருக்கும் பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். இந்த டிரெய்னர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் அல்லர், விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கத் தகுதிச் சான்று பெற்றவர். போட்டி நாளில் நீங்கள் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய முதல் ஆள் அவரே. பல்லில் கம்பி கட்டிய பிள்ளைக்கு மேல், கீழ் இரு வரிசைக் கம்பிகளையும் மூடும் வாய்க்காப்பு கட்டாயம். காதுக் கவசம் எல்லாருக்கும் கட்டாயம். காது மடலில் இரத்தம் கட்டிக்கொண்டு வீங்கினால் அதை ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டி வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது இறுகி, மல்யுத்தக்காரர்களின் அடையாளமாகிவிட்ட காலிஃபிளவர் காதாக நிலைத்துவிடும். சில பிள்ளைகள் அதைப் பதக்கம் போலக் கருதுவது வேறு கதை.

எடையைப் பற்றி நிறையச் சொல்லலாம், இங்கே சுருக்கமே போதும். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையை வேகமாகக் குறைக்க முயன்று இறந்தார்கள். அதன் பின் கல்லூரிகளிலும், 2006-07 சீசனிலிருந்து பள்ளிகளிலும் விதிகள் இறுக்கப்பட்டன. சிறுநீர் எவ்வளவு செறிவானது என்பதைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025ஐத் தாண்டாத அளவுக்கு உடலில் நீர் இருக்கும்போதுதான் பிள்ளையின் கொழுப்பளவு கணக்கிடப்படும், அது ஆண் பிள்ளைகளுக்கு 7 விழுக்காட்டுக்கும் பெண் பிள்ளைகளுக்கு 12 விழுக்காட்டுக்கும் கீழே போகும்படி எடைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கவும் கூடாது. பிள்ளை தண்ணீர் குடிக்காமல் எச்சிலைத் துப்பிக்கொண்டே வீட்டில் உலவினால், அது விளையாட்டு ஒழுக்கம் ஆகாது, விதி மீறல்.

போட்டி வாரம்: தோலைப் பார்ப்பது

புதிய பெற்றோர் கவனிக்காமல் விட்டு, எடை பார்க்கும் வரிசையில் பிள்ளை கண் கலங்கி நிற்கக் காரணமாவது பெரும்பாலும் தோல்தான். எடை பார்க்கும்போது நடுவரோ அதற்கென நியமிக்கப்பட்டவரோ ஒவ்வொரு பிள்ளையின் தோலையும் பார்ப்பார். தொற்றக்கூடியது என்று ஐயம் தரும் புண்ணோ தடிப்போ இருந்தால், அது தொற்றாது என்று தகுதி பெற்ற மருத்துவ அலுவலர் எழுதிக் கையொப்பமிட்ட படிவம் அந்த இடத்திலேயே, அப்போதே காட்டப்பட வேண்டும். நாளை கொண்டு வருகிறேன் என்பது செல்லாது. கட்டுப் போட்டு மறைத்துவிட்டேன் என்பதும் செல்லாது. தொற்றும் புண்ணை மூடினாலும் ஆட அனுமதியில்லை என்று விதி தெளிவாகச் சொல்கிறது. போட்டிக்கென மருத்துவர் ஒருவர் அங்கே இருந்தால், உங்கள் குடும்ப மருத்துவர் கையொப்பமிட்டதையும் அவர் மறுத்துவிட முடியும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1989இல் மின்னசோட்டாவில் நடந்த உயர்நிலைப் பள்ளி மல்யுத்தப் பயிற்சி முகாமில் கலந்துகொண்ட 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் வைரஸ் பரவியது. அதே மாநிலத்தில் 2007இல் மீண்டும் அது பரவியபோது, மாநிலம் முழுவதும் பள்ளி மல்யுத்தத்தை எட்டு நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். கன்னத்தோடு கன்னம் உரசி ஆடும் ஆட்டத்தில், முகத்திலும் கழுத்திலும் கொத்தாகக் கிளம்பும் அந்தக் கொப்புளங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒரே பயிற்சியில் போய்விடும். நம் ஊரில் இப்படிக் கொப்புளம் கிளம்பினால் அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொண்டு வருவார்கள். இங்கே நடுவர் கேட்பது மாத்திரை தொடங்கிய தேதியை. முதல் முறை வந்ததென்றால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 10 நாட்களாவது உட்கொண்டிருக்க வேண்டும், காய்ச்சலும் நெறிகட்டுதலும் சேர்ந்திருந்தால் 14 நாட்கள். திரும்ப வந்த தொற்றானால் 120 மணி நேரம், அதாவது முழுதாக ஐந்து நாட்கள். எப்படியானாலும் புதிய கொப்புளம் எதுவும் கிளம்பாமல், பழையவை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.

மற்றவற்றுக்கும் இப்படிக் கால அளவுகள் உண்டு. உடலில் வரும் படர்தாமரைக்குக் களிம்போ மாத்திரையோ தொடங்கி 72 மணி நேரம் ஆக வேண்டும். அதே பூஞ்சை தலையில் வந்தால் களிம்பு போதாது, 14 நாட்கள் மாத்திரை உட்கொள்ள வேண்டும். சீழ்க் கொப்புளம், கட்டி போன்ற பாக்டீரியாத் தொற்றுகளுக்கு மூன்று நாட்கள் ஆன்டிபயாட்டிக் முடிந்து, கடைசி 48 மணி நேரத்தில் புதிதாக எதுவும் வராமல், கசிவும் இல்லாமல் இருக்க வேண்டும். சிரங்கு, பேன் ஆகியவற்றுக்கு உரிய மருந்து போட்டு 24 மணி நேரம். சென்னைக்காரர்கள் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லும் கண் நோய்க்கும் மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழிந்து, கண்ணில் பீளை வடிவது நின்றிருக்க வேண்டும். இந்த எண்களிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமைப் போட்டிக்குப் புதன்கிழமை காலை மருந்து தொடங்கியிருந்தால்தான் படர்தாமரைக்கே கணக்குச் சரியாகும். எனவே ஞாயிறு இரவிலேயே பிள்ளையின் கழுத்து, முன்கை, முதுகு, தொடை ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எக்ஸிமா, சோரியாசிஸ், பிறவி மச்சம் போன்ற தொற்றாத, நீண்ட நாள் தோல் நிலைகள் உள்ள பிள்ளைக்கு, ஒருமுறை பெற்ற மருத்துவக் கடிதம் சீசன் முழுவதும் செல்லும். இதை முதல் வாரத்திலேயே வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் கழுத்தில் கருமையாகத் தடித்திருக்கும் தோலைப் பார்த்துத் தயங்கும் நடுவருக்கும் அந்தக் கடிதமே பதில். போட்டியன்று தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் கூடாது. வழுக்கும் எந்தப் பொருளும் தோலில் இருக்க அனுமதியில்லை. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், கையில் கட்டிய கோயில் கயிற்றையும் காதுக் கடுக்கனையும் கழற்றிவிட்டே அனுப்புங்கள்.

ஆட்டம் நின்றால்: எந்தக் கடிகாரம்?

சாதாரணக் காயத்துக்கான கடிகாரம் ஒன்றரை நிமிடம். இது ஒரு நிறுத்தத்துக்கான நேரமன்று, கூடுதல் சுற்று உட்பட முழு ஆட்டத்துக்கும் சேர்த்த மொத்தம். முதல் சுற்றில் கணுக்கால் சுளுக்கி 40 வினாடி செலவழித்த பிள்ளைக்கு மீதம் இருப்பது 50 வினாடிதான். நேரம் மிச்சமிருந்தாலும் இரண்டு முறைக்கு மேல் இந்தக் கடிகாரத்தைக் கேட்க முடியாது, மூன்றாவது முறை கேட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்து எதிராளி வென்றவராவார். இரண்டாவது முறைக்கும் ஒரு விலை உண்டு. ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது மேலே (பிடித்திருப்பவராக), கீழே (மண்டியிட்டுப் பிடிபட்டவராக), நின்றநிலை ஆகியவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று எதிராளி தேர்ந்தெடுத்துக்கொள்வார். இது சிறிய சலுகை போலத் தோன்றும். ஆனால் கீழ்நிலையைத் தேர்ந்தெடுத்துத் தப்பித்து எழுந்தாலே ஒரு புள்ளி கிடைக்கும் ஆட்டத்தில், ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஓடும் கடைசி நிமிடத்தில், அந்தத் தேர்வு வெற்றியையே மாற்றிவிடும். மூச்சு வாங்குவதற்காகக் காயம் என்று சொல்லி நிறுத்தும் தந்திரத்தைத் தடுக்கத்தான் இந்த விலை. மூச்சுத் திணறலும் தசைப்பிடிப்பும் இந்தக் கடிகாரத்தில்தான் சேரும் என்பதால், களைப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளையே அறிந்திருப்பது நல்லது. எதிராளி புள்ளி எடுக்கவிருந்த தருணத்தில் காயம் காரணமாக ஆட்டம் நின்றால், அந்தப் புள்ளியை நடுவர் அவருக்கு வழங்க முடியும்.

இரத்தம் வந்தால் வேறு கடிகாரம் ஓடும். அதற்கு மொத்தம் ஐந்து நிமிடம், எத்தனை முறை நிறுத்தலாம் என்பது நடுவரின் முடிவு. மூக்கில் இரத்தம் வடிவதுதான் இதில் மிகச் சாதாரணம், பஞ்சைச் சுருட்டி அடைத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ஆட்டத்தைத் தொடர்வார்கள். அதற்குள் விரிப்பில் சிந்தியதைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்பார்கள், எதிராளியின் தோலில் பட்டதையும் துடைப்பார்கள், உடை நனைந்திருந்தால் மாற்றச் சொல்வார்கள். மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்குள் இரத்தம் நிற்கவில்லையென்றால் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். இரத்தத்துக்குச் செலவான நேரம் காயத்தின் ஒன்றரை நிமிடத்திலிருந்து கழிக்கப்படாது.

மூன்றாவது, எதிராளி செய்த தவறால் வந்த காயம். தூக்கி விரிப்பில் அறைவது, இரு கைகளையும் கழுத்துக்குப் பின் கோத்து அழுத்தும் ஃபுல் நெல்சன், கையைச் சேர்க்காமல் தலையை மட்டும் பூட்டுவது, முழங்காலை முறுக்குவது போன்ற தடைசெய்யப்பட்ட பிடிகளால் பிள்ளை காயம்பட்டால் இரண்டு நிமிட மீட்பு நேரம் கிடைக்கும். இதுவும் தனிக் கணக்கு. அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் பிள்ளையால் தொடர முடியாவிட்டால் வெற்றி பிள்ளைக்கே. எழுந்தால் தோற்போம், கிடந்தால் வெல்வோம் என்ற சங்கடமான நிலையில் பதினைந்து வயதுப் பிள்ளையை இந்த விதி நிறுத்துகிறது என்பது என் கருத்து. ஆனாலும் விதி அதுதான். பிடி தடைசெய்யப்பட்டதாக இல்லாமல், ஆபத்தை நோக்கிப் போகிறது என்று மட்டும் நடுவர் கருதினால், யாருக்கும் புள்ளி தராமல் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்க வைப்பார். தோள்பட்டை பின்னோக்கி வளையும்போது பார்வையாளர்கள் கத்துவது பெரும்பாலும் இதற்குத்தான்.

தலையும் கழுத்தும்

நான்காவது கடிகாரம் தலை, கழுத்து, கழுத்தெலும்புத் தொடர் ஆகியவற்றுக்கானது. தகுதி பெற்ற மருத்துவ அலுவலர் அங்கே இருந்தால் அவர் பரிசோதிப்பதற்கு ஐந்து நிமிடம் வரை தரப்படும், ஏனெனில் கழுத்துக் காயத்தை ஒன்றரை நிமிடத்தில் அவசரமாக மதிப்பிடுவது ஆபத்தானது. கழுத்திலிருந்து கை நுனிவரை மின்சாரம் பாய்ந்தது போல எரிந்து, கை மரத்துப் போகும் நரம்பு இழுப்பு இதில் அடிக்கடி வருவது. சில வினாடிகளில் சரியாகிவிட்டது என்று பிள்ளை சொன்னாலும், கையின் பலத்தையும் கழுத்தின் அசைவையும் சோதிக்காமல் விடக் கூடாது.

மூளையதிர்ச்சி விஷயத்தில் மட்டும் கடிகாரத்துக்கு இடமே இல்லை. நினைவு தப்புதல், தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், நிற்கத் தடுமாறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஓர் அறிகுறி தெரிந்தாலும் நடுவர் பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும், தகுதி பெற்ற மருத்துவ அலுவலர் அனுமதிக்காமல் திரும்பச் சேர்க்க முடியாது. 2009இல் வாஷிங்டன் மாநிலம், தலையில் அடிபட்ட பின்னும் ஆட்டத்தைத் தொடர்ந்து கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு பள்ளி அமெரிக்கக் கால்பந்து வீரரின் பெயரால் லிஸ்டட் சட்டத்தை இயற்றியது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் இவ்வகைச் சட்டத்தை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுவிட்டன. ஆகவே நடுவரிடமோ டிரெய்னரிடமோ வாதாடி இங்கே பயனில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பிள்ளை சொல்வது சான்றாகாது. அடிபட்ட மூளையே தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை யார் நம்புவது? அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் தலைவலி கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்ணின் பாவை பெரிதாதல், எழுப்பினால் எழாத உறக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 911ஐ அழையுங்கள். மீண்டும் விரிப்புக்குத் திரும்புவது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் என்ற கணக்கில் படிப்படியாக நடக்கும்: முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு தொடுதல் இல்லாத பயிற்சி, கடைசியில்தான் முழுப் பயிற்சி. எந்தப் படியில் தலைவலி திரும்புகிறதோ அங்கிருந்து ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

இருக்கையில் இருக்கும்போதும் அதன் பின்னரும்

ஆட்டம் நின்றவுடன் ஓடிப்போய் விரிப்பில் ஏறாதீர்கள். காய நேரத்தில் அணித் தரப்பிலிருந்து இரண்டு பேர் மட்டுமே விரிப்புக்கு வரலாம், அந்த இடம் பயிற்சியாளருக்கும் அவருடைய துணைக்கும் உரியது. பிள்ளைக்குத் தீவிர ஒவ்வாமை போன்ற ஏதேனும் இருந்து, அது அவர்களுக்குத் தெரியாதென்று ஐயம் இருந்தால் விரிப்பின் ஓரம்வரை போய் டிரெய்னரிடம் சொல்லுங்கள். அதற்குமேல் தெரிவிக்க வேண்டியவை அனைத்தும் சீசனுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டியவை. இரு பள்ளிகள் மோதும் போட்டியில் காயத்தால் விட்டுக்கொடுத்த ஆட்டத்துக்கு எதிரணிக்கு ஆறு புள்ளிகள் போகும், முதுகைத் தரையில் அழுத்தி வென்றால் கிடைக்கும் அதே ஆறு. அதனால் ‘எப்படியாவது முடித்துவிடு’ என்ற அழுத்தம் அணிக்குள் எழுவது உண்டு. வீட்டிலிருந்தும் அதே குரல் கேட்டால் பிள்ளைக்குப் போக்கிடம் இராது.

பல ஆட்டங்கள் கொண்ட தொடர்போட்டியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஓர் ஆட்டத்தின் நடுவில் காயத்தால் தோற்ற பிள்ளை, உடல் தேறிவிட்டால், தோற்றவர்களுக்கான ஆறுதல் சுற்றில் தொடர்ந்து ஆடலாம். ஆனால் மருத்துவக் காரணத்தால் இனி ஆடவில்லை என்று மேசையில் அறிவித்துவிட்டால், அந்தத் தொடர்போட்டி முழுவதிலிருந்தும் விலகியதாகக் கொள்ளப்படும், மாலையில் வலி குறைந்தாலும் திரும்ப முடியாது. எனவே அந்த அறிவிப்பு மேசைக்குப் போகும்முன் டிரெய்னர், பயிற்சியாளர், நீங்கள், பிள்ளை ஆகிய நால்வரும் ஒருமுறை சேர்ந்து நின்று பேசிக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வீங்கிய மூட்டில் பனிக்கட்டி வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையைப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லி, கால் இழுக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.